விதைக்காத கட்டம்

மூன்றாவது கைப்பிடி நவதானியத்தை வீசும்போது வசந்தாமணிக்குக் கை தவறிவிட்டது. முதலிரண்டும் பரவலாகத்தான் விழுந்தன. இது மட்டும் ஒரே இடத்தில் கொட்டிப்போயிற்று. கொண்டைக்கடலை ஒன்று உருண்டு, கட்டத்தைச் சுற்றிக் கட்டியிருந்த மஞ்சள் கயிற்றுக்கு வெளியே ஓடியது. மகள் வான்மதி அதைத் தேடி எடுத்து மறுபடி உள்ளே போட்டாள். அப்பாவுக்குச் சேர வேண்டியதில் ஒன்றுகூட வெளியே போகக்கூடாது என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். பிறகு இருவரும் சொம்பிலிருந்த பாலைத் தெளித்தார்கள்.

காலை ஏழரை மணி. டெக்சாஸில் ரவுண்ட் ராக்கிலிருந்து இருபது நிமிடம் காரில் வந்தால் இந்தப் புல்வெளி. ஒரு காலத்தில் பருத்திக்காடாக இருந்ததாம். அதைப் பழையபடி புல்வெளியாக்கப் பத்து வருஷமாகப் பலர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பாடுபடுகிறார்கள். அவர்களில் ஒருவர் வசந்தாமணியின் கணவர் நஞ்சுண்டன். போன ஞாயிற்றுக்கிழமை காலை, இந்த ஏழாம் நம்பர் கட்டத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்தவர் அப்படியே பக்கவாட்டில் சரிந்துவிட்டார். வயது ஐம்பத்தெட்டு. ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

வியாழக்கிழமை தகனம். நஞ்சுண்டனின் அண்ணன் கிட்டுசாமி காங்கேயத்திலிருந்து வாட்ஸப் வீடியோவில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். எரித்த இடத்தில் பால் தெளித்து நவதானியம் போட வேண்டும், அது முளைத்தால் போனவன் மனம் குளிர்ந்துவிட்டான் என்று அர்த்தம் என்றார். ஆனால் இங்கே எரித்த இடம் என்பது ஓர் இரும்புக் கதவும் ஒரு பச்சைப் பொத்தானும்தான். தரையில் பால் ஊற்ற முடியாது என்று அங்கிருந்த மேனேஜர் ரொம்பப் பணிவாகச் சொல்லிவிட்டார். கிட்டுசாமி ஓர் இரவு முழுக்க யோசித்து, எரித்த இடம் கிடைக்காவிட்டால் உயிர் போன இடம் என்று தீர்ப்புச் சொன்னார். அதனால்தான் சனிக்கிழமை விடிந்ததும் அம்மாவும் மகளும் இந்தியன் கடைப் பாக்கெட்டோடு இங்கே வந்தது.

திரும்பி வரும்போது வசந்தாமணிக்கு மனம் கொஞ்சம் லேசாக இருந்தது. ஆறு நாளில் இன்றுதான் சரியாக ஒரு காரியம் செய்தோம் என்றிருந்தது. ஒன்பது வருஷமாக அந்த மனுஷன் எதையோ விதைத்துக்கொண்டிருந்த மண். அதில் கடைசியாகத் தன் கையாலும் ஒரு பிடி விதை விழுந்ததில் அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும்.

விதைத்துக்கொண்டிருந்தார் என்று அவளாக நினைத்துக்கொண்டதுதான். உள்ளதைச் சொன்னால், அந்தப் புல்லைப் பற்றி அவள் ஒருநாளும் காது கொடுத்துக் கேட்டதில்லை. கல்லானாலும் கணவன் புல்லானாலும் புருஷன் என்பார்கள், எனக்குப் புருஷன் என்றாலே புல்தான் என்று தமிழ்ச் சங்கத்துப் பொங்கலில் அவள் சொல்லப்போக, நாலு வருஷமாக எல்லோரும் அதையே சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பது வருஷ விவசாயத்தில் ஒரு கத்தரிக்காயாவது வீட்டுக்கு வந்ததா என்று ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் கேட்பாள். இன்று என்ன விதைத்தீர்கள் என்றும் கேட்பாள். அவர் ரசத்தைப் பிசைந்துகொண்டே, ஒன்றும் விதைக்கவில்லை என்பார். பேச்சு கொடுக்க இஷ்டமில்லாமல் சொல்கிறார் என்று அவளும் டிவி பக்கம் திரும்பிவிடுவாள்.

கிட்டுசாமிக்கும் தம்பியின் புல்லைப் பற்றி ஒரு கேலி உண்டு. டெக்சாஸில் தம்பி வேரோடு பிடுங்கும் களைகளில் ஒன்று கொழுக்கட்டைப் புல். காங்கேயத்தில் அண்ணன் மாடுகளுக்கு அதுதான் முதல் தீனி. நான் இங்கே வளர்க்கிறதை நீ அங்கே போய்ப் பிடுங்குகிறாய், இதற்காகவா உன்னை இன்ஜினியரிங் படிக்க வைத்தோம் என்பார். அந்தந்தப் புல் அந்தந்த ஊரில் இருந்தால் நல்லது என்று நஞ்சுண்டன் சிரிப்பார்.

பதினொரு மணிக்கு மானஸா வீட்டுக்கு வந்தாள். சென்னைப் பெண், இங்கே யுனிவர்சிட்டியில் தாவரங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். அந்தப் புல்வெளியின் பன்னிரண்டு கட்டங்களும் அவள் பொறுப்பு. நஞ்சுண்டன் சரிந்தபோது பக்கத்தில் இருந்தவள் அவள்தான். சிபிஆர் கொடுக்கக் கெட்டியான தரை வேண்டுமென்று அவரைக் கட்டத்திலிருந்து நடைபாதைக்கு இழுத்துப் போட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தவளும் அவள்தான். இன்று அவருடைய தொப்பி, கையுறை, டிபன் பாக்ஸ் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வந்திருந்தாள். டிபன் பாக்ஸைக் கழுவி வைத்திருந்தாள். அதைப் பார்த்து வசந்தாமணிக்கு அழுகை வந்துவிட்டது. மூன்று இட்லியும் சாப்பிட்டாரா மிச்சம் வைத்தாரா என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை.

அதற்குப் பதிலாக, காலையில் செய்த காரியத்தைச் சொன்னாள். மானஸா ரொம்ப நல்லது ஆன்ட்டி என்றாள். ஆனால் காபி டம்ளரை வாய்வரை கொண்டுபோனவள் குடிக்காமல் கீழே வைத்துவிட்டாள். டே கேரில் பதினாலு வருஷமாகக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள் வசந்தாமணி. எந்த முகம் எதை முழுங்குகிறது என்று அவளுக்குத் தெரியாதா?

"மூஞ்சி ஏன் கண்ணு அப்புடிப் போச்சு? நாங்க ஏதாச்சும் தப்பு பண்ணீட்டமா?"

"ஒண்ணுமில்ல ஆன்ட்டி. நான் மேனேஜ் பண்ணிக்கறேன்."

"சொல்லு."

மானஸா வான்மதியைப் பார்த்தாள். வான்மதி தரையைப் பார்த்தாள்.

"அந்த ஏழாம் கட்டத்துல நாங்க எதுவும் விதைக்கிறதில்ல ஆன்ட்டி. மத்த பதினொண்ணுலயும் விதைச்சோம். அது ஒண்ணுல மட்டும் வெளியிலேர்ந்து வர்ற களைய எடுத்துட்டுச் சும்மா விட்டுருவோம். மண்ணுக்குள்ள பழைய விதை ஏதாவது தூங்கிட்டிருந்தா, அது தானா எழுந்து வருதான்னு பாக்கறதுக்கு. அங்கிள்தான் அத எடுத்துக்கிட்டாரு. வேற யாருக்கும் அவ்ளோ பொறுமை கிடையாது."

"எழுந்து வந்துச்சா?"

"முதல் வருஷம் மூணு வகை. இந்த ஸ்ப்ரிங்ல பத்தொன்பது."

ஒன்றும் விதைக்கவில்லை என்று ரசத்தைப் பிசைந்துகொண்டே சொன்னாரே, அது அப்படியே உண்மை. ஒன்பது வருஷம் வாரம் தவறாமல் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். ஏன் விதைக்கவில்லை என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் மிச்சத்தையும் சொல்லியிருப்பார். வசந்தாமணிக்கு வெட்கமாக இருந்தது. ஆறு நாளாக இருந்த துக்கத்தைக் காட்டிலும் இந்த வெட்கம் கனமாக இருந்தது.

இனி என்ன ஆகும் என்று கேட்டாள். மானஸா சுற்றி வளைத்துத்தான் சொன்னாள். வெளிவிதை விழுந்து முளைத்துவிட்டால் அந்தக் கட்டத்தை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட வேண்டும், ஒன்பது வருஷக் கணக்கு அதோடு நின்றுவிடும். சாயங்காலம் மழை என்று போட்டிருக்கிறது. அதற்கு முன்னால் பொறுக்கி எடுத்துவிட்டால், இப்படி நடந்தது என்று குறிப்பு எழுதிவிட்டுத் தொடரலாம். ஆனால் அதெல்லாம் வேண்டாம், ஒரு கட்டம் போனால் போகட்டும், அங்கிளுக்காகச் செய்ததை யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்று முடித்தாள்.

"அம்மா, இட்ஸ் ஓகே. யூ டிடின்ட் நோ," என்றாள் வான்மதி.

"அதேதான் கண்ணு தப்பு," என்று வசந்தாமணி எழுந்து சமையலறைக்குப் போனாள். இரண்டு முறத்தையும் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

காரில் போகும்போதே கிட்டுசாமிக்குப் போன் போட்டாள். மறைத்துச் செய்யக்கூடாது என்று பட்டது. அங்கே ராத்திரி பதினொன்று தாண்டியிருந்தும் அவர் தூங்காமல் இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. போட்டதைத் திரும்ப அள்ளுவது செத்தவன் வாயிலிருந்து பிடுங்குவது போல, நம் குலத்திலேயே யாரும் செய்ததில்லை, ஒரு புல்லுக்காகவா என்று சத்தம் போட்டார். வசந்தாமணி கல்யாணமான முப்பது வருஷத்தில் அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

"மாமா, அவரு ஒம்பது வருசம் ஒண்ணுமே போடாமக் காத்துட்டு இருந்த எடமுங் அது. நாந்தானுங் போயி கொட்டீட்டு வந்துட்டேன். அது மொளைச்சா அவுரு மனசு குளுராதுங் மாமா."

லைன் போய்விட்டதா என்று வான்மதி போனை எட்டிப் பார்த்தாள். பிறகு ஒரு செருமல் கேட்டது.

"எள்ளைக் கடைசியாப் பொறுக்கு அம்மணி," என்றார் கிட்டுசாமி. "நகத்துல எடுக்க வராது. வெரலத் தண்ணியில நனைச்சு ஒத்தி எடு. ஒட்டிக்கும்."

நல்லவேளையாக விதைகள் கட்டம் முழுக்கப் பரவவில்லை. நஞ்சுண்டன் கடைசியாகக் களை எடுத்திருந்த இடம் ஒரு பாய் அகலத்துக்கு வெறும் மண்ணாக இருந்தது. அதில்தான் பெரும்பாலும் விழுந்திருந்தன. பாலுக்கு எறும்பு வந்திருந்தது. மூன்று பேரும் மூன்று பக்கம் உட்கார்ந்தார்கள்.

துவரையும் மொச்சையும் கொண்டைக்கடலையும் சுலபம். கோதுமையும் நெல்லும் காய்ந்த புல் துணுக்கோடு கலந்து ஏமாற்றின. பச்சைப்பயறையும் உளுந்தையும் மானஸா எடுத்தாள். கொள்ளு மண் நிறத்திலேயே இருந்ததால் வசந்தாமணியைத் தவிர யாருக்கும் கண்ணில் படவில்லை. மானஸா சாமணம் போன்ற ஒன்றை வைத்துக்கொண்டு பத்து எடுப்பதற்குள் வசந்தாமணி முறத்தில் ஒரு கைப்பிடி சேர்த்துவிட்டாள். அரிசியில் கல் பொறுக்கிய கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று அவளே சொல்லிக்கொண்டாள். வான்மதி சிரித்துவிட்டாள். அப்பா போனதற்குப் பிறகு அவள் சிரிப்பது அதுதான் முதல்முறை. சிரித்ததும் பயந்துபோய் அம்மாவைப் பார்த்தாள். சிரி கண்ணு, ஒன்றும் ஆகாது என்றாள் வசந்தாமணி.

பொறுக்கிக்கொண்டே ஒவ்வொரு செடியாகக் கேட்டாள். இது என்ன, எந்த வருஷம் வந்தது, பூ எந்த நிறம். ஊதா நிறத்தில் நட்டமாக நின்ற ஒரு பூங்கதிரைக் காட்டி, இது முதல்முதலாக வந்த அன்று அங்கிள் பத்து நிமிஷம் எழுந்திருக்கவே இல்லை, அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார் என்றாள் மானஸா. எப்போது என்று வசந்தாமணி கேட்டாள். நாலு வருஷத்துக்கு முன்னால், இதே அக்டோபர். அன்றைக்கும் அவர் வீட்டுக்கு வந்திருப்பார், அவளும் கத்தரிக்காயைப் பற்றிக் கேட்டிருப்பாள்.

மூன்றரை மணிக்கு எள்ளுக்கு வந்தார்கள். கறுப்பு எள், கரிசல் மண். வசந்தாமணி கிண்ணத்துத் தண்ணீரில் விரலை நனைத்து ஒற்றி ஒற்றி எடுத்தாள். கிட்டுசாமி சொன்னது சரிதான், ஒட்டிக்கொண்டது. ஆனால் மண்ணில் வெடிப்புகள் இருந்தன. அதற்குள் போனவற்றை யாராலும் எடுக்க முடியாது. கொஞ்சம் தப்பித்தான் இருக்கும், அடுத்த சில வாரம் பார்த்துக்கொண்டே இருந்து முளைத்தால் பிடுங்க வேண்டும் என்றாள் மானஸா.

"நான் வர்றேன். எள்ளுச்செடி எனக்குத் தெரியும்."

"ஒவ்வொரு சண்டேயும் வரணும் ஆன்ட்டி."

"வர்றேன்னு சொன்னேனல்ல."

மானஸா தன் தாளில் நடந்ததை எழுதினாள். தேதி, நேரம், ஒன்பது தானியங்களின் பெயர், போட்டது யார், எடுத்தது யார். தொடரலாம் என்று கடைசியில் ஒரு வரி எழுதி வசந்தாமணிக்குக் காட்டினாள். வடக்கே வானம் இருண்டு வந்தது. முறங்களைத் தூக்கிக்கொண்டு மானஸா காருக்கு நடந்தாள்.

வசந்தாமணி கடைசியாக ஒரு தரம் பார்த்துவிடலாம் என்று பாய் அகல மண்ணின் மறுகோடிக்கு நகர்ந்தாள். அங்கே இரண்டு குழிகள் இருந்தன. பக்கத்துப் பக்கத்தில், உள்ளங்கை ஆழத்துக்கு. போன சனிக்கிழமை மழை பெய்திருந்தது. ஈர மண்ணில் களை வேரோடு வரும் என்றுதான் ஞாயிற்றுக்கிழமை அவ்வளவு அவசரமாகக் கிளம்பிப் போனார். கரிசல் மண் அவர் முழங்கால்களை அப்படியே வாங்கி வைத்து, ஆறு நாள் வெயிலில் இறுகிப்போயிருந்தது. இடது குழியில் துணியின் நெசவுகூடத் தெரிந்தது. வலது பக்கக் குழி கொஞ்சம் ஆழம். அந்தக் காலில்தான் அவர் பாரத்தைப் போடுவார், மாடிப்படி ஏறும்போதும் அப்படித்தான்.

வலது குழிக்குள் ஏழெட்டு எள் கிடந்தன.

அவள் மண்டியிட்டு உட்கார்ந்தாள். விரலை நனைத்து, ஓரம் உடையாமல், ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்தாள். எடுத்து முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. முதல் துளி அவள் புறங்கையில் விழுந்தது. அடுத்தது மண்ணில் விழுந்து ஒரு சிறு வட்டம் போட்டது.

வான்மதி காரிலிருந்து குடையோடு ஓடிவந்தாள். விரித்து அம்மாவின் தலைக்கு மேலே பிடித்தாள்.

"அம்மா, லெட்ஸ் கோ. யூ ஆர் கெட்டிங் வெட்."

"கொஞ்சம் முன்னால புடி கண்ணு."

வான்மதிக்கு முதலில் புரியவில்லை. பிறகு மண்ணிலிருந்த இரண்டு குழிகளையும் பார்த்தாள். அம்மாவின் முதுகுப் பக்கத்திலிருந்து ஓரடி நகர்ந்து, குடையை முன்னால் நீட்டிப் பிடித்தாள். மழை வலுத்தது. வசந்தாமணியின் தலையும் தோளும் முழுக்க நனைந்தன. குடைக்குக் கீழே மட்டும் மண் இன்னும் காய்ந்திருந்தது.