இருபது இழை

சின்ன காஞ்சிபுரத்துத் தறிக்காரர்களிடம் என் விரலுக்குத் தனி மரியாதை உண்டு. தறியில் முடியப்போகும் பாவின், அதாவது நீளவாட்டு நூலின், இழையோடு புதுப் பாவின் இழையைச் சாம்பல் தொட்டு முறுக்கிச் சேர்ப்பது என் வேலை. ஆயிரக்கணக்கில் இழை இருக்கும். கண்ணே வேண்டாம், விரல் பார்த்துக்கொள்ளும்.

அந்த விரல் மரத்துப்போகலாம் என்றார் டாக்டர் ஜெயப்ரியா. மார்பில் புற்று. வாரம் ஒரு ஊசி மருந்து, பன்னிரண்டு வாரம்.

"மருந்து ஏறும்போது கையிலயும் கால்லயும் ஐஸ் உறை போட்டுக்கோங்க துர்கா. நரம்பு தப்பிக்கலாம், உறுதியா சொல்ல முடியாது. மரத்துப்போனா மறைக்காம சொல்லுங்க, டோஸை மாத்தணும்."

குளிரா அது? பக்கத்துப் படுக்கைக்காரி பத்தே நிமிடத்தில் உறையைக் கழற்றிவிட்டாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். விரல் போனால் நான் யார்?

வீட்டில் எனக்கு நானே பரீட்சை வைத்தேன். மாலையில் ஒரு சின்ன மரச்சட்டத்தில் இருபது இழை முறுக்குவேன். காலையில் குளித்துவிட்டு வந்து, முறுக்கு விடுகிறதா என்று இழுத்துப் பார்ப்பேன். ஏழு வாரமும் இருபதுக்கு இருபது. டாக்டரிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

எட்டாம் வாரம் காப்பி டம்ளர் கையிலிருந்து நழுவியது. சந்தேகப்பட்டு முறுக்குகளை வெளிச்சத்தில் பார்த்தேன். ஆறு முறுக்கு எதிர்ப்பக்கம் சுற்றியிருந்தது. எங்கள் வீட்டில் இடக்கையால் முறுக்குகிறவர் ஒருவர்தான், என் புருஷன் கோதண்டபாணி.

"நீ குளிக்கப் போனப்ப, விட்டுப்போனத சேத்து வெச்சேம்மா. மனசு ஒடிஞ்சிடுவியேன்னு."

"எத்தினி நாளா?"

"ரெண்டு வாரமா."

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "நான் ஐஸ்ல கெடந்து செத்துக்கினு இருக்கறேன், நீ எனக்கு மார்க் போட்டுக்கினு இருக்கியா? டாக்டராண்ட நல்லா இருக்குதுன்னு பொய் சொல்ல வெச்சிட்டியேயா!"

அவர் அழுதார். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் மறுநாளே அந்த இழைகளை வெட்டி, அட்டையில் ஒட்டி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். எதிர்ப்பக்க முறுக்குகளை டாக்டரே எண்ணினார். டோஸைக் குறைத்தார்.

"குறைச்சா நோய் திரும்பிடுமாம்மா?"

"மருந்து வேலை செய்யுது துர்கா. இப்ப சொன்னதே நல்லது."

மீதி வாரங்களிலும் உறையைக் கழற்றவில்லை.

பன்னிரண்டு வாரமும் முடிந்தது. இன்று காலை இழுத்துப் பார்த்தேன். பதினாறு நின்றது, நான்கு விட்டுத் தொங்கியது. கோதண்டபாணி பக்கத்தில் நின்றுகொண்டு கையைப் பிசைந்தார்.

"நான் சேக்கட்டுமா?"

"தொடாத. அந்த நாலும் என்னுது."

சாம்பலைத் தொட்டுக்கொண்டு முதல் இழையை எடுத்தேன்.