விண்கலத்துக்கு வைத்த பொட்டு

விண்கலத்தின் முதுகில் நகத்தை வைத்து மூக்கிலிருந்து வால்வரை மெல்ல இழுத்தேன். எங்கேயும் தட்டவில்லை. வாலிலிருந்து மூக்குக்குத் திரும்ப இழுத்தேன். அப்போதும் தட்டவில்லை. இரண்டு பாதியாக வந்த பிளாஸ்டிக்கை ஒட்டியது நான்தானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. "அடி இளமதி, கெட்டிக்காரிடி நீ" என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டேன். பக்கத்தில் யாருமில்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருப்பேன்.

பிளவுஸ் தைக்கிறவளுக்குத் தையல் கோணாமல் தெரிவதுதான் பெருமை. இதில் நேர்மாறு. ஒட்டின இடம் எதுவென்று பார்க்கிறவர்களுக்குத் தெரியவே கூடாது. பசை காய்ந்ததும் இடுக்கில் சுவருக்குப் பூசுகிற மாதிரிப் பட்டியை அப்பி, அது இறுகியபின் தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். தேய்த்தால் எங்கோ ஒரு பள்ளம் தெரியும். மறுபடி பட்டி, மறுபடி தேய்ப்பு. அவசரப்பட்டால் முடிந்தது கதை, கண்ணுக்குத் தெரியாத பிளவுகூடப் பெயின்ட் அடித்ததும் பல்லிளிக்கும். இதற்கு முன் நான் செய்த இரண்டு கலங்களும் அலமாரியில் பல்லிளித்துக்கொண்டுதான் இருக்கின்றன. இது தம்பி உதயசூரியன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பெட்டி. ஞாயிற்றுக்கிழமை திருச்சியில் நடக்கும் மாடல் கண்காட்சிக்கு இதைக் கொண்டுவருவதாகப் பெயர் கொடுத்திருந்தேன்.

என் வீட்டுக்காரர் வெற்றிசெல்வனுக்கு இதெல்லாம் பொம்மை. வீட்டை ஒட்டி மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். அரிமளத்தைச் சுற்றி எந்தத் தோட்டத்தில் மோட்டார் புகைந்தாலும் இவரிடம்தான் வரும். வருகிறவர்கள் என்னை விசாரித்தால், "உள்ள பொம்மை ஒட்டிக்கிட்டு இருக்கா" என்பார். கேலியாகக்கூட இல்லை, மழை பெய்கிறது என்பதுபோலச் சொல்வார். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கேலி என்றால் பதிலுக்குச் சண்டையாவது போடலாம். திருச்சிக்குக் கூப்பிட்டதற்கும், "பொம்மை பாக்க ஒரு நாள் கடையப் பூட்டவா?" என்றுவிட்டார். பரிசு கிடக்கட்டும், இவர் வாயால் இதை ஒரு வேலை என்று சொல்லவைக்க வேண்டும். அதுதான் என் வைராக்கியம்.

அன்று ஆயுத பூஜை. கலத்தைச் சோப்புத் தண்ணீரில் கழுவி வெள்ளைத் துணியில் காயவைத்தேன். மதியம் அடிப்பூச்சாகப் பிரைமர், மறுநாள் பெயின்ட் என்பது கணக்கு. விரல் பட்டால் பிசுக்கு ஒட்டும், பிசுக்கு ஒட்டினால் பெயின்ட் பிடிக்காது. அதனால் நானே ஓரமாகத்தான் பிடித்து வைத்தேன். பூஜைக்கு உடுத்தப் பிளவுஸ் கேட்டு நச்சரித்த பக்கத்து வீட்டு அருணாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் துணிதான் கிடந்தது.

கடைக்கு ஓடினேன். கழுவிவிட்ட தரையில் பலகை போட்டு, ஸ்பேனர்கள், காயில் சுற்றும் மிஷின், வருஷாவருஷம் அவரே தூக்கிவரும் என் தையல் மிஷின் எல்லாம் வரிசையாக இருந்தன. நடுவில் என் கலம். மூக்கில் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம், அதன்மேல் குங்குமம். இரண்டு இறக்கையிலும் அதே மாதிரி.

"யாரு இதத் தொட்டது?"

"நாந்தான்" என்றார் அவர். "எல்லாத்துக்கும் வச்சேன். இதுக்கு மட்டும் வைக்காம விட்டா நல்லாவா இருக்கும்?"

"பெயின்ட் அடிக்கப்போற நேரத்துல இப்படி அப்பி வச்சிருக்கீங்களே! விரல் படக் கூடாதுன்னு நான் பொத்திப் பொத்தி வச்சிருக்கேன்."

மோட்டாரை எடுத்துப்போக வந்திருந்த நாலைந்து பேரில் வெள்ளைச்சாமி அண்ணன் பொரியைக் கொறித்துக்கொண்டே சிரித்தார். "பொம்மைக்குமாடா பொட்டு?"

"பொம்மை இல்லண்ணே. நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். காலையில தூக்கித் தூக்கிப் பாக்குறேன், எங்கிட்டு ஒட்டியிருக்கான்னு எனக்கே தெரியல. இது அவ வேலைண்ணே."

வாய்வரை வந்திருந்த திட்டு அங்கேயே நின்றுவிட்டது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அத்தனை பேர் முன்னால் கண் கலங்கிவிடுமோ என்று கலத்தைத் தூக்கிக்கொண்டு கொல்லைக் குழாய்க்குப் போய்விட்டேன்.

பிரஷ்ஷால் தேய்க்கச் சந்தனம் கரைந்தது. குங்குமமும் போயிற்று, மூக்கின் நடுவே மயிரிழை அகலத்துக்கு ஒரு சிவப்புக் கோட்டைத் தவிர. எத்தனை தேய்த்தும் போகவில்லை. மாராப்பில் குத்தியிருந்த ஊசியை எடுத்து முனையை வைத்தேன். உள்ளே இறங்கியது. என் நகத்தை ஏமாற்றிய பிளவு அது.

அவர் பின்னால் வந்து நின்றார். "கெடுத்துட்டேனா?"

மறைத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஒட்டின இடம் தெரியவில்லை என்று இப்போதுதான் ஊரறியச் சொல்லியிருக்கிறார். அந்த வார்த்தைக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன். ஆனால் அவர் மெச்சியது என் வேலையை அல்லவா? அதில் பொய் இருக்கலாமா? கலத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டினேன்.

"இங்கிட்டுப் பாருங்க. ஒட்டு மூடவே இல்ல."

கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "இது யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்ல? தட்டுல மிச்சக் குங்குமம் இருந்தா எடுத்தாங்க."

கொண்டுவந்தார். தண்ணீரில் குழைத்து மூக்கு, முதுகு, இறக்கை, வால் என்று ஓரிடம் விடாமல் பூசினேன். வேறு பிளவு இருந்தால் அதிலும் சிவப்புத் தங்கிக் காட்டிக்கொடுக்கும். அவர் குழாயில் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து எதிரே குந்தினார். பிடிக்கச் சொன்னேன். காயில் சுற்றும் அந்தத் தடித்த விரல்களில் இரண்டின் நுனியால் மட்டும் கலத்தின் ஓரங்களைப் பிடித்து, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, நான் தண்ணீர் ஊற்ற ஊற்ற மெல்லத் திருப்பினார். சிவப்பு வழிந்து ஓடியது. வாலடியில் இன்னொரு கோடு மிஞ்சி நின்றதை அவர்தான் முதலில் பார்த்தார்.