செங்கோட்டையனுக்குக் கோபம் வரவில்லை

1

இந்தக் கதையின் முதல் வாக்கியம் என்னுடையதல்ல. காதர்பேட்டையில் பனியன் வாங்கப் போனபோது கடைக்காரர் சொன்னது: "மெர்ச்சண்டைசர் வேலைய உட்டுப்போட்டுப் படம் எடுக்கப் போயிருச்சுங்க அந்தப் புள்ள." மற்றதெல்லாம் நான் கட்டியது. பெயர்கூட. அனுப்பிரியா.

'சிறுவயதிலிருந்தே அவளுக்குச் சினிமா என்றால்...'

இல்லை. அந்த ஆசை முப்பதைத் தாண்டித்தான் வந்தது. ஏற்றுமதிக் கம்பெனியின் தையல் கூடத்தைச் செல்போனில் படம்பிடித்து, சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையருக்கு அனுப்புவது அவள் வேலைகளில் ஒன்று. பையர் பார்க்கக் கேட்டது துணியை. அவள் கேமரா தைப்பவர்களின் முகத்திலேயே நின்றது. ஒருநாள் வேலையை விட்டாள்.

[அவள் அப்பா அழுதார் என்று எழுதி அடித்துவிட்டேன். அவர் கேட்டது இதைத்தான்: "யாரு கண்ணு ஹீரோ?"]

2

ஹீரோ கிடையாது. சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கும் ஒரு டெய்லர், அவ்வளவுதான் குறும்படம். அவளோடு வேலை பார்த்த மயிலாத்தாளுக்கு நடந்தது. திட்டிய சூப்பர்வைசர் செங்கோட்டையனையே நடிக்கக் கூப்பிட்டாள். (வருவாரா என்று எனக்கே சந்தேகம். வந்தார். சினிமா ஆசை யாரை விட்டது?)

வாடகை ஷெட்டில் கேமரா முன் அவருக்குக் கத்தவே வரவில்லை.

"ஏனுங்ண்ணா, கம்பெனில தினமும் கத்துவீங்களே?"

"அது ஷிப்மெண்டு நேரத்துக்குப் போகோணும்னுங்க அம்மிணி. இங்க எதுக்குக் கத்தறது?"

தாழ்ந்த குரலில் பேசினார். அழகாக இருந்தது. அனுப்பிரியா அதையே வைத்துக்கொண்டாள்.

3

எடிட் முடித்ததும் முதலில் மயிலாத்தாளுக்குப் போட்டுக் காட்டினாள்.

"படம் நல்லாருக்குதுங்க மேடம். ஆனா பொய்யிங்க. இவரு இத்தன நல்லவரா இருந்தா, நா ஏனுங்க பாத்ரூம்ல போயி அழுவறேன்?"

'அனுப்பிரியா உடைந்துபோய்...' என்று தொடங்கினேன். அவள் உடையவில்லை.

"சரிங்க. அந்தக் காட்சியத் தூக்கிர்றேன். மறுபடி எடுக்கலாம். நீங்க நடிக்க வர்றீங்களா?"

ஞாயிற்றுக்கிழமை, அதே ஷெட். செங்கோட்டையனை மெஷின் முன்னால் உட்கார வைத்தாள். அவர் முன்பு நின்ற இடத்தில் மயிலாத்தாளை நிறுத்தினாள்.

"நா என்னங்க பேசோணும்?"

"அவரு உங்களப் பேசினத. இல்லாட்டி, உங்களுக்குத் தோணறத."

செங்கோட்டையன் அண்ணாந்து பார்த்தார். மெஷினில் கிடந்த துணியை அவர் கை இறுகப் பிடித்துக்கொண்டது.

4

காகிதத்தில் மயிலாத்தாளைத் திட்ட விட்டுப் பார்த்தேன். அழ விட்டேன். "போயி டீ குடிச்சுப்போட்டு வாங்க" என்றும் சொல்ல வைத்தேன். எல்லாமே நன்றாக வந்தன. அதனால்தான் எதையும் நம்பவில்லை. இயக்குநரே வசனம் கொடுக்காமல் நிற்கிறாள். இடையில் புகுந்து கொடுக்க நான் யார்?

கேமரா ஓடுகிறது. மயிலாத்தாள் வாயைத் திறக்கிறாள். உங்களுக்கு என்ன கேட்கிறது?