அவுட் ஆகாதவள்

கடைசிப் பீரியட் விளையாட்டு என்றால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், பி.டி. மாஸ்டரான எனக்குத் தண்டனை. காலையிலிருந்து விசில் ஊதி ஊதித் தொண்டை காய்ந்து, இடுப்பு ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக நடந்துகொண்டிருப்பேன். உடற்பயிற்சி சொல்லித்தருகிறவனின் உடம்பா இது என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது.

எட்டாம் வகுப்பில் ஒரு பெண் சக்கர நாற்காலியில் வருவாள். போன வருஷம் வரை மைதான ஓரத்தில் இருந்துகொண்டு மற்றவர்களின் வாட்ச், மூக்குக்கண்ணாடி, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றுக்கும் காவல் காத்ததால் அவளுக்கு ‘மேனேஜர்’ என்று பெயர். இந்த வருஷம் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, “அவளையும் ஆட்டத்துல சேத்துக்கணும் மாஸ்டர். ஆனா அவமேல ஒரு கீறல் விழக்கூடாது” என்றார்.

நனையாமல் குளிக்கச் சொல்கிறார். “சரிங்க மேடம்” என்றேன். எனக்குக் கைவந்த ஒரே வித்தை அதுதான்.

வட்டப்பந்து வைத்தேன். வட்டமாக நிற்பவர்கள் ரப்பர் பந்தை எறிவார்கள். உள்ளே இருப்பவர்கள் ஒதுங்கித் தப்ப வேண்டும். பட்டால் அவுட். பந்தைப் பிடித்துவிட்டால் எறிந்தவர் அவுட். மேனேஜர் உள்ளே போனாள். அவள் முதுகுக்குப் பின்னால் நின்று மற்றவர்களுக்குக் கண்ணைக் காட்டினேன். ஒரு பாடத்தையும் இத்தனை சீக்கிரம் புரிந்துகொண்டதில்லை அந்த வகுப்பு.

அதிலிருந்து எப்போதும் கடைசிவரை தப்பி நிற்பவள் மேனேஜர்தான். நாங்கள் கை தட்டுவோம். நானும் மனசு நிறைந்து வீட்டுக்குப் போய்த் தைலம் தடவிக்கொண்டு படுப்பேன்.

நேற்றும் அவள் மட்டும் மிச்சம். கை தட்ட ஆரம்பித்தோம். அவள் வட்டத்தின் நடுவே வந்து பிரேக்கைப் போட்டாள்.

“கையத் தட்டாதீங்க. பந்தை எறிங்க.”

ஒருவரும் அசையவில்லை.

“மைக்கு, நீ எறிடி.”

‘மைக்’ அவளுடைய உயிர்த் தோழி, வாய் ஓயாததால் வந்த பெயர். அவளே வாயடைத்துப்போய் என்னைப் பார்த்தாள்.

“அவரை எதுக்குடி பாக்குற?”

“சார்தான்டி உன்மேல எறியக் கூடாதுன்னாரு. அடிபட்டுடுமாம்.”

மேனேஜரின் முகம் சிவந்தது. “பாட்டிலப் பாத்துக்கிட்டு இருந்தப்பகூட இவ்வளவு அசிங்கமா இல்ல சார். நான் அவுட் ஆகாம இங்கேருந்து நகர மாட்டேன்.”

வாசலில் அவளுடைய ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். எனக்கோ எங்காவது உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது. பந்தை நானே எடுத்து, “இந்தாம்மா” என்று தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல் போட்டேன். ஒற்றைக் கையால் பிடித்தாள்.

“சார் அவுட்டு!” மைக்குக்குக் குரல் திரும்பிவிட்டது.

வெளியே போய்த் தரையில் உட்கார்ந்தேன். மாஸ்டரே அவுட்டான தைரியத்தில் வட்டத்துக்கு உயிர் வந்தது. பந்து பறந்தது. மேனேஜர் பிரேக்கை எடுத்தாள். சுழன்றாள், பின்வாங்கினாள், குனிந்தாள். இத்தனை வித்தை அவளுக்குத் தெரியும் என்பதே எங்களுக்குத் தெரியாது. யாராவது எறிந்திருந்தால்தானே!

மைக் எறிந்த பந்து சக்கரத்தில் பட்டுத் தெறித்தது.

“அவுட்!”

“எப்படிடி அவுட்? சக்கரம் என்ன என் உடம்பா?”

“என் ஷூல பட்டப்ப மட்டும் அவுட்டுன்னு குதிச்சியே?”

“சார், நீங்க சொல்லுங்க!”

அவள் கண் கலங்கியிருந்தது. ‘இல்லை’ என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

“அவுட்.”

“அநியாயம்!” சக்கரத்தை ஓங்கித் தள்ளிக்கொண்டு வெளியே போனாள்.

வராந்தாவிலிருந்து தலைமையாசிரியை பதறி வந்தார். “என்ன மாஸ்டர், அவ அழறாளே?”

“அவுட் ஆயிட்டா மேடம்.”

அவர் அதற்கு மேலும் ஏதோ கேட்டார். நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மைக் கூடவே ஓடிக்கொண்டிருந்தாள். மேனேஜர் ஒரு கையால் சக்கரத்தைத் தட்டிக் காட்டிக் கத்திக்கொண்டே போனாள். ஆட்டோக்காரரிடமும் நியாயம் கேட்டிருப்பாள்.