பரீட்சைக்கு ஒரு கடைவாய்ப்பல்

பல் டாக்டருக்குப் படிக்கிறவர்கள் கடைசி வருஷப் பரீட்சைக்குப் பேனா மட்டும் கொண்டுபோனால் போதாது. ஒரு வாயும் கொண்டுபோக வேண்டும். அந்த வாயில் சொத்தை இருக்க வேண்டும். அதுவும் நரம்பைத் தொடாத, அளவான சொத்தை. அங்கேயே அதை அடைத்துக் காட்டினால்தான் பாஸ். ஆள் வராவிட்டால் ஆறு மாதம் கழித்து மறுபடி வாய் தேட வேண்டியதுதான்.

என் பெரியப்பா மகள் சத்யபிரியா அக்கா பார்த்து வைத்திருந்த சொத்தை, சங்ககிரி லாரி டிரைவர் ஒருவரின் வாயில் இருந்தது. பரீட்சைக்கு முதல் நாள் அவருக்கு அசாம் லோடு கிடைத்தது. சொத்தையும் கூடவே போய்விட்டது.

அக்கா சேலத்து ஹாஸ்டலிலிருந்து போன் செய்தாள். அழவில்லை. அழுகிறவர்களைவிட மெதுவாகப் பேசினாள்.

“மணி, பொங்கலுக்கு வந்தப்போ அப்பா சிரிச்சாரு. கீழ்க் கடைவாய்ல கருப்பா ஒண்ணு பார்த்தேன். அது சரியா இருக்கும்னு தோணுது. நான் கூப்புட்டா வரமாட்டேங்கறாரு. நாளைக்குக் காலைல எட்டு மணிக்குள்ள நீ கூட்டிட்டு வந்துரு.”

“நீ கூப்புட்டே வராதவரு, நான் கூப்புட்டா வருவாராக்கா?”

“உனக்குத்தான் வெக்கமே கெடையாதேடா. கெஞ்சு.”

பெரியப்பா பூபதிக்குப் புதுச்சத்திரம் பக்கம் கோழிப்பண்ணை. பெரியம்மா போன பிறகு அங்கே அவரும் பதினெட்டாயிரம் கோழிகளும்தான். போனில் யாரோ பேசிய வீடியோவைப் பார்த்து, ஆறு மாதமாக இயற்கை வாழ்வில் இருந்தார். எழுந்ததும் வெந்நீரில் ஆப்பிள் சிடர் வினிகர். பிறகு ஒரு டம்ளர் சியா விதை. பார்க்க நம் சப்ஜா விதைக்குத் தம்பி, விலையில் அதற்கு அப்பன். அப்புறம் நல்லெண்ணெயை வாயில் ஊற்றி இருபது நிமிஷம் கொப்பளிப்பு. ஒருநாள் அந்த நேரத்தில் கிழட்டுக் கோழி வாங்கும் வியாபாரி போனில் ஒரு விலை சொல்ல, இவர் “ம்ம்ம், ம்ம்ம்” என்று ஆட்சேபித்திருக்கிறார். அதைச் சம்மதமென்று எடுத்துக்கொண்டு வியாபாரி வண்டியையே அனுப்பிவிட்டார்.

நான் போனபோது தீவனக் கொட்டகையில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தார். மணி சாயங்காலம் நாலு.

“என்னங்க பெரியப்பா அது?”

“கிளிஞ்சத் தூளு சாமி.”

முட்டை ஓடு கெட்டிப்படக் கோழித் தீவனத்தில் கலப்பார்களே, அதே கிளிஞ்சல். மாவுச் சல்லடையில் சலித்து உப்பு சேர்த்திருந்தார்.

“இதத் தின்னுதான் கோழி கெட்டி ஓடாப் போடுது. நமக்குப் பல்லு கெட்டிப்படாதா?”

“கோழிக்குப் பல்லே இல்லீங்களே.”

கூண்டுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “அதுகளுக்குத் தேவைப்படல.”

விஷயத்தைச் சொன்னேன். தலையை ஆட்டினார்.

“சொத்தையெல்லாம் ஒண்ணுமில்ல. கிராம்புத் தைலம் வெச்சா நின்னுருது.”

“நிக்கறது வலிதானுங்க. ஓட்டை அப்படியேதான் இருக்கும். நரம்பைத் தொட்டுட்டா வேலை பெருசாயிருமாம்.”

“யாரு சொன்னா?”

“உங்க பொண்ணுதானுங்க. நாலு வருசமா அதைத்தான் படிக்குது.”

“அவ பொஸ்தகத்துல படிச்சவ. வீடியோல பேசறவரு மூணு லட்சம் பேத்துக்குச் சொல்றாரு.”

“நீங்க வரலைன்னா அக்கா பெயிலுங்க.”

டப்பாவைக் கீழே வைத்தார். சுற்றிலும் பார்த்துவிட்டு வாயைத் திறந்து உதட்டை இழுத்துக் காட்டினார். முன்பக்கம் பல் பளீரென்று இருந்தது. உள்பக்கம் அத்தனையும் புகையிலைக் கறை.

“இத அவ பாக்கப்படாது மணி.”

அக்காவுக்கு சீட் கிடைத்த அன்று, அவள் பெரியப்பாவிடம் நகை கேட்கவில்லை, துணி கேட்கவில்லை. தன் தலையில் கைவைத்து, இனிப் புகையிலை போடமாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொன்னாள். செய்தார். ஒரு மாதம் காப்பாற்றினார்.

“படிப்பு முடிஞ்சு ஊட்டுக்கு வந்துருவா. அதுக்குள்ள கறையை எடுத்துரலாம்னு பாத்தேன். வெளிய வெளுத்துருச்சு, உள்ள போகமாட்டேங்குது.” பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார். “காலைலக்குள்ள போயிருமா சாமி?”

“போகாதுங்க.”

மறுநாள் ஆறரைக்கு வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு அவரே என் வாசலில் வந்து ஹாரன் அடித்தார். சேலத்தில் அக்காவின் கல்லூரிக்குப் போனோம். அன்று அவர் வினிகர் குடிக்கவில்லை.

எக்ஸ்ரேயில் சொத்தை நரம்புக்கு ஒரு நூல் முன்னால் நின்றிருந்தது. அக்கா மூச்சு விட்டாள். அதற்குள் வெளியூர்ப் பரீட்சை அதிகாரி பக்கத்தில் வந்து நின்றுவிட்டார். அவர் எதிரில் நோயாளியின் விவரம் கேட்டு எழுத வேண்டும். அக்கா முன்பின் தெரியாதவரிடம் கேட்பதுபோல் ஆரம்பித்தாள்.

“எதை வெச்சுப் பல் துலக்கறீங்க?”

“கிளிஞ்சலுங்க.”

அதிகாரி குனிந்தார். “என்னது?”

“கோழிக்குப் போடறதுங்க. காலைல வினிகருங்க. அப்பறம் எண்ணெய்க் கொப்பளிப்புங்க.”

அதிகாரி அக்காவைப் பார்த்தார். “இவருக்கு என்ன சொல்வீங்க?”

“வினிகர் எனாமலை இளக்குது சார். கிளிஞ்சல் அதைச் சுரண்டுது. வெளுத்த மாதிரி தெரியும், ஆனா பல்லு தேஞ்சுட்டே வரும். எண்ணெய் கொப்பளிக்கறதுல பெரிய கெடுதல் இல்ல. அதுக்காக பிரஷ்ஷை விட முடியாது.”

“சரி, மேல கேளுங்க.”

அடுத்த கேள்வியை அக்கா தாளைப் பார்த்தே படித்தாள்.

“புகையிலைப் பழக்கம் இருக்குதுங்களா?”

பெரியப்பா விளக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் சுவரிலிருந்த பல் படத்தை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

“இருக்குதுங்க டாக்டர்.”

“எத்தனை வருசமாங்க?”

“நடுவுல விட்டிருந்தேனுங்க. பொண்ணை ஹாஸ்டல்ல விட்டுட்டு வந்தப்பறம் மறுக்கா ஆரம்பிச்சது. ஊட்டுல பேச ஆளில்லீங்க.”

“பொண்ணுகிட்டச் சொன்னீங்களா?” என்றார் ஒன்றும் தெரியாத அதிகாரி.

“இப்பத்தானுங்க சொல்றேன்.”

அக்காவின் பேனா தாளில் ஒரே இடத்தில் நின்று மையைக் கசியவிட்டது. பிறகு ‘நான்கு வருடம்’ என்று எழுதினாள். நாற்காலியைச் சாய்த்தாள். கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“நல்லாத் தொறங்கப்பா.”

அதிகாரி நிமிர்ந்து இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு முழு வாயையும் திறந்தார்.