ராகு காலத்தில் ஒரு வேட்புமனு

எங்கள் ஊராட்சித் தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கியதும், பண்ணைக்காரர் செல்லமுத்து தன் மனைவி கமலாவை நிறுத்தினார். எதிர்த்து நிற்க யாருக்குத் துணிச்சல் வரும் என்று நினைத்தார். அவர் வயலில் நாற்று நடுகிற என் மனைவி செவ்வந்திக்கு வந்தது. மனு கொடுக்கக் கள்ளக்குறிச்சிக்குப் போனோம். அவர் ஆட்கள் ஆபீஸ் வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, கடைசி நாள்.

“பதினோரு மணிக்கெல்லாம் உள்ள இருக்கணும்” என்றாள்.

“பத்தரையிலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் ராகு காலம்டி!”

“அதுக்குத்தான் சொல்றேன். பன்னெண்டுக்கு முன்னால அவரு காரு கெளம்பாது. அவரு ஆளுங்களும் அந்தக் கார்லதான வரணும்?”

அவள் ஒன்றும் ராகு காலத்தை நம்பாதவள் இல்லை. ஆட்டுக்குட்டி வாங்கக்கூடக் காலண்டரைப் பார்ப்பாள்.

ஆபீஸ் வாசலில் ஈ காக்கை இல்லை. உள்ளே அதிகாரி கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். மனுவைப் பார்த்தவர் சுவர்க் காலண்டரையும் பார்த்தார்.

“கொஞ்ச நேரம் கழிச்சுக் குடுக்கலாமேம்மா.”

“இப்பவே வாங்கிக்கோங்க சார்.”

முன்மொழிகிறவன் நான். பேனாவைப் பிடித்தேனே தவிர, கை ஓடவில்லை. இவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்கிற ஒரே பயம்தான்.

“இன்னாய்யா யோசிச்சிக்கினு நிக்கிற? போடு கையெழுத்த.”

போட்டேன். கோணல்மாணலாக விழுந்தது. அதிகாரி நேரம் குறித்துச் சீட்டு கொடுத்தார். பதினொன்று இருபது.

எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது, பன்னிரண்டு தாண்டிக் கார் வந்தது. செல்லமுத்து இறங்கி, செவ்வந்தி கையிலிருந்த சீட்டை எட்டிப் பார்த்தார்.

“ராகு காலத்துலயா குடுத்த? வெளங்கிடும்!” என்று சிரித்தார்.

செவ்வந்தி சிரிக்கவில்லை.

“வெத வெதைக்க நீங்க நல்ல நேரம் பாப்பீங்க. எங்கள நடவுக்குக் கூப்புட என்னிக்காச்சும் பாத்தீங்களா? இத்தினி வருசமா ராகு காலம் பூரா உங்க சேத்துலதாங்க நின்னோம். இன்னிக்கி ஒருநாளு எங்களுக்காவ நின்னோம்.”

எனக்குப் பயம் முழுசாகப் போகவில்லை. ஆனாலும் அவளை ஒட்டி, நிமிர்ந்துதான் நின்றேன்.