பூத்தும் காய்க்காத மெசிமார்யா

போன வருஷம் ஆகஸ்ட் மாதக் காப்பி விருந்தில் சைமியின் மானத்தை வாங்கியது சுண்டுவிரல் நுனி அளவுகூட இல்லாத ஒரு பழம். தேவாலயக் கூடத்து மேஜையில், கேக் மேல் சிவப்பாகப் பரப்பி, "மெசிமார்யா, நானே பறிச்சது" என்று பெருமையாக வைத்தாள். அவள் புருஷனுடைய அக்கா ரவுனி ஒரு துண்டை வாயில் போட்டாள். விதையை நாக்கில் உருட்டினாள். பிறகு ஊருக்கே கேட்கிற மாதிரி ஆரம்பித்தாள்.

"அடியே, இது லில்லுக்காடீ, காட்டுல சும்மா கெடக்கற பழம்! பழத்துக்கு நாலே நாலு முத்து, முத்துக்குள்ள பூரா விதை. புளிப்பு வேற. மெசிமார்யான்னா வாசனை மூக்குக்கு ஏற வேணாமா? சதுப்போரம் இருபது வருஷம் குடித்தனம் பண்றே, இதுகூடத் தெரியலையே!"

பாதிரியார்கூடச் சிரித்துவிட்டார். அதைத்தான் சைமியால் மறக்க முடியவில்லை.

இந்த வருஷம் ஒரே ஒரு கிண்ணம் நிஜ மெசிமார்யாவை அதே மேஜையில் வைத்தாக வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. ஜூனிலேயே இடம் பார்த்துவிட்டாள். கணுக்கால் உயரத்துக்கு மூவிலைச் செடிகள், அத்தனையிலும் ரோஜா நிறப் பூ. லில்லுக்கா வெள்ளையாகப் பூக்கும், சதுப்பில் காய்க்கிற இன்னொரு பழமான ஹில்லாவும் வெள்ளைதான். இந்த நிறத்தில் பூப்பது மெசிமார்யா ஒன்றுதான், சந்தேகமே இல்லை. வீட்டுக்காரரிடம்கூட மூச்சு விடவில்லை. அந்த ஊரில் படகைக் கேட்டால் தருவார்கள், பழம் பறிக்கிற இடத்தை மட்டும் கேட்கக்கூடாது.

ஜூலையில் போய்ப் பார்த்தாள். இலைதான் இருந்தது. அடுத்த வாரமும் இலைதான். ஒருநாள் தூரத்தில் சிவப்பாக என்னவோ தெரிய, ஓடினவள் முழங்கால்வரை சேற்றில் இறங்கிப்போனாள். கிட்டப் போனால் பழுக்காத ஹில்லா, காயாக இருக்கும்போதுதான் அது சிவப்பு! உள்ளங்கை மாதிரி விரிந்த இலை, ஒரு தண்டுக்கு ஒரு பழம். இன்னொரு நாள் பாறையோரம் பளபளவென்று சிவப்பு. கடித்தாள், விதை நறநறத்தது. மறுபடியும் லில்லுக்கா. தூவென்று துப்பினாள். கொசு வேறு முகத்தைப் பிடுங்கியது.

விருந்துக்கு மூன்று நாள் இருக்கும்போது கடைசியாக ஒருமுறை போய்விட்டு, வெறும் வாளியோடு திரும்பினாள். வடிகாலைத் தாண்டப் போட்டிருந்த பலகைமேல் எதிரே ரவுனி. அவள் வாளியும் காலி.

"எங்கடீ இந்தப் பக்கம்?"

"சும்மா, காளான் இருக்கான்னு பாக்க வந்தேன் அண்ணி. நீங்க?"

"நானும் காளானுக்குத்தான்."

"காளானுக்குக் கத்தி கொண்டாரலையா?"

"உன் கத்தி எங்கே?"

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் கொசு அடித்தார்கள்.

"பூ மட்டும் பூத்துத் தொலைக்குது," என்றாள் ரவுனி, சட்டென்று. "மூணு வருஷமா. ஒரு பழம் இல்லை."

சைமிக்கு அழுகையே வந்துவிட்டது. "எனக்கும் அதே கதைதான் அண்ணி!"

"டவுன் நாற்றுக்கடைக்காரன் ஒத்தைச் செடி தரமாட்டேங்கிறான். ரெண்டு ரகம் சேத்து வெச்சாத்தான் காய்க்குமாம். ஏமாத்துறான்னு நெனச்சேன்."

"அப்போ என் இடத்துல இருக்கறது அத்தனையும் ஒரே செடியா? வேரு ஓடி ஓடிப் பரவினதா?"

"என்னுதும் அப்படித்தான் இருக்கும். உன் பூவோட தூள் என் பூவுக்கு வரணும். என்னுது உனக்கு."

"அப்போ இடத்தைக் காட்டுங்க."

"நீ முதல்ல காட்டு."

யாரும் காட்டவில்லை. கடைசியில் ஆளுக்குக் கொஞ்சம் செடியை வேரோடு தோண்டி வந்து இதே பலகையில் மாற்றிக்கொள்வதென்று முடிவானது. சனிக்கிழமை காலை மாற்றியும் கொண்டார்கள், ஈரப் பாசியில் சுற்றி. இனி நட்டாலும் இரண்டு கோடை காத்திருக்க வேண்டும். இந்த வருஷக் கிண்ணம் போனது போனதுதான்.

நடுவதற்கு முன் சைமி ரவுனி கொடுத்த செடியின் தண்டைக் கட்டைவிரலால் தடவினாள். சுருக்கென்றது. மறுபடி தடவினாள். பூனை நாக்கு மாதிரிப் பொடி முள். மெசிமார்யாவுக்கு ஏது முள்? மூவிலை இரண்டுக்கும் ஒரே ஜாடை, பூவும் உதிர்ந்தாயிற்று. ஆனால் முள் பொய் சொல்லுமா? லில்லுக்கா! வருஷம் பூரா கேலி பண்ணின மகராசி கொடுத்தது லில்லுக்கா!

ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குச் சைமி வெறும் ஏலக்காய் ரொட்டி கொண்டுபோனாள்.

"என்னடீ, இந்த வருஷம் மொட்டையா?" என்றாள் ரவுனி, சத்தமாகத்தான். பக்கத்து மேஜை திரும்பியது.

சைமி பையிலிருந்து அந்தச் செடியை எடுத்து அவள் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். "தண்டைத் தடவிப் பாருங்க அண்ணி."

ரவுனி தடவினாள். கழுத்திலிருந்து காதுவரை சிவந்துபோனாள்.

சொல்ல வேண்டியதெல்லாம் சைமியின் நாக்கு நுனியில் நின்றது. பாதிரியார் வேறு பார்த்துக்கொண்டிருந்தார். போன வருஷத்துக்குப் பதில் சொல்ல இதைவிட என்ன வேண்டும்! ஆனால் ரவுனி அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

"சத்தியமா வேணும்னு பண்ணலைடீ," என்று முணுமுணுத்தாள். "ரெண்டும் கலந்து கெடக்கு. நீ பின்னாடி வர்றியான்னு திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே தோண்டினேன்."

"இப்போ என்ன பண்றது?"

"நாளைக்குக் காலைல பூட்ஸ் போட்டுக்கிட்டு வா. நீயே பாத்துத் தோண்டிக்கோ."

"எங்கே வரணும்?"

ரவுனி சுற்றிலும் பார்த்தாள். செடியை எடுத்துச் சட்டென்று தன் கைப்பைக்குள் திணித்தாள்.

"எங்கேன்னு இங்கேயா சொல்வாங்க, கழுதை!"